பூவில் பேசிய விலை

மேடம்,

காலையில் துணி ஊறவைக்கப் போன என் மனைவி வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "பையில என்னத்த வச்சிருந்தீங்க? பச்சையா எறங்கியிருக்கு பாருங்க. இனி இது போவாது" என்றாள். பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நேற்று உங்கள் அடக்கத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த சட்டை அது. உங்கள் ஊர் வரதராஜன்பேட்டை வெயிலில் மூன்று மணி நேரம் நின்றதில் வேர்த்து, பையில் மடித்து வைத்திருந்த காகிதம் நனைந்து, மை இறங்கிவிட்டது. "பேனா கசிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பொய் எனக்குச் சட்டென்று வரும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதுதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது.

எந்தக் காகிதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வேலையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய காகிதம். தொலைந்துவிட்டது என்று நான் உங்களிடம் சொன்ன காகிதம்.

ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். ஒரு நாள்கூட நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் மேடம், நான் சார். என்னைவிடப் பெரிய பதவியில் இருந்துகொண்டு நீங்கள் என்னை சார் என்று கூப்பிட்டதை ஆபீஸில் கேலி செய்தார்கள். நீங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன், பெயர் இல்லாமல்.

நாம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த சிமெண்ட் ஆலைக்கு நீங்கள் வந்தது படிப்பால். திருச்சியில் எம்.காம். முடித்துவிட்டு, வாரம் முழுக்க அரியலூரில் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் ஜெயங்கொண்டம் பஸ் ஏறி ஊருக்குப் போவீர்கள். நான் வந்தது நிலத்தால். சுண்ணாம்புக்கல்லுக்காக அப்பா நான்கு ஏக்கரை எழுதிக் கொடுத்தார். அதற்கு விலையும், வீட்டுக்கு இரண்டு வேலையும் என்று பேச்சு. ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. இன்னொன்று தம்பிக்கு வரவேண்டியது. அவனுடைய மனு ஜெனரல் மேனேஜர் மேசையில் நான்கு வருஷமாகக் கிடந்தது. வீட்டில் சோறு போடும்போதெல்லாம் அம்மா கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

ஆலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஜெர்மனிக் கம்பெனிக்கு. ஏழெட்டு நாடுகளில் ஆலை வைத்திருந்தவர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் அந்த நீளமான சுழல் சூளை, கில்ன் என்று நாங்கள் எல்லோரும் சொல்வது, அவர்களிடமிருந்துதான் வந்தது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து துண்டு துண்டாக அது வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. நீங்கள் மட்டும் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மார்க்ல போட்டுருக்காங்க சார்" என்றீர்கள். அவர்கள் நாட்டுப் பணத்தில். ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக ஏழு வருஷம் கட்டவேண்டும்.

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது ஒரு மார்க் நாலு ரூபாய்ச் சொச்சம். பெருக்கினால் தொகை வந்துவிடும். நீங்கள் சிரித்தீர்கள். "கட்டற அன்னிக்கும் அதே நாலு ரூவாயா இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவங்க மார்க்ல வித்து மார்க்ல வாங்கிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு பயமும் இல்ல. பயத்தையும் சேத்து பில்லு போட்டு நமக்கு அனுப்பிட்டாங்க." பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். "ஆபத்து எங்கயும் அழிஞ்சு போறதில்ல சார். யார் கையில இருக்குங்கறது மட்டும்தான் மாறும்."

அந்த ஜெர்மனிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தங்களுடைய எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். எந்த ஊரில் இருந்தாலும் சரி, வேற்று நாட்டுப் பணத்தில் கடன் உண்டானால் முப்பது நாளுக்குள் வங்கியில் முன்விலை பேசிக்கொள்ள வேண்டும். அதாவது, ஆறு மாதம் கழித்து வாங்கப்போகிற மார்க்குக்கு இன்றைக்கே ஒரு விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். தவணைக்குத் தவணை இப்படியே பேசிக்கொள்ளலாம்.

இன்னும் கட்டாத பணத்துக்கு இன்றைக்கே எதற்கு விலை பேசவேண்டும் என்று நான் கேட்டேன். நீங்கள் உங்கள் வீட்டு முந்திரித் தோப்பைச் சொன்னீர்கள்.

"எங்கூர்ல தோப்பைப் பூவுலயே பேசி விட்டுருவாங்க சார். பூ நிக்குமா, மழை பேஞ்சு கருகிடுமா, கொட்டை என்ன விலை போவும், யாருக்குத் தெரியும்? ஏவாரி ஒரு விலை சொல்லுவாரு, எங்கப்பா சரிம்பாரு. அப்புறம் ஏறினாலும் எறங்கினாலும் பேசினது பேசினதுதான். ஒரு வருஷம் கொட்டை விலை ரெண்டு மடங்கு ஏறிடுச்சு. அம்மா நாலு நாளு அப்பாகிட்ட பேசல. அவரு ஒரு கொட்டையக் கூட ஒளிக்கல. பூவுல பேசிட்டேன்னு சொல்லிட்டு மூட்டையத் தூக்கி வுட்டாரு."

"நஷ்டம்தானே மேடம்?" என்றேன்.

"நஷ்டம்தான். ஆனா அவரு பூவு பாத்த நாள்லேர்ந்து நிம்மதியா இருந்தாரு. அதுக்குத்தான் அந்த விலை."

நீங்கள் திருச்சி வங்கிக்கு டெலக்ஸ் கொடுத்து விலை கேட்டீர்கள். ஒப்பந்தப் படிவம் வந்தது. ஜெனரல் மேனேஜருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, படிவத்தைக் குண்டூசியால் குத்தி உள்ளே அனுப்பினீர்கள். அன்றைக்கு ஆடி இரண்டாம் தேதி.

அவரை எனக்குப் பிடிக்கும் மேடம், இப்போதுகூட முழுதாக வெறுக்க முடியவில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். கில்ன் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த உருளையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் அஷ்டமியில் பேனா திறக்க மாட்டார், ராகு காலத்தில் செக் போகாது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். மறுநாள் உங்கள் குறிப்பு திரும்பி வந்தது. கையெழுத்துப் போடாத படிவம் அதிலேயே இருந்தது. ஓரத்தில் அவருடைய பச்சை மையில், "ஆடி கழியட்டும், பார்க்கலாம்." கீழே சுருக்கொப்பம், தேதி. ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். ஆடிக்கு மட்டும் தமிழில் எழுதியிருந்தார்.

நீங்கள் உள்ளே போய் வாதாடியது எனக்கு வெளியே கேட்டது. "சார், முப்பது நாளுன்னு போட்டுருக்காங்க. ஆடி முப்பத்தொண்ணு சார்." அவர் சிரித்திருக்கிறார். "உங்க கிறிஸ்துவ வேதத்துல ஆடி கிடையாதும்மா. எங்களுக்கு உண்டு. ஒரு மாசத்துல என்னா குடி முழுவிடும்?"

நீங்கள் வெளியே வந்து அந்தக் காகிதத்தை என் மேசையில் வைத்தீர்கள். உங்கள் இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. என்னுடையதற்கு இருந்தது. "இது உங்ககிட்ட இருக்கட்டும் சார். எனக்கு எதாவதுன்னா எடுத்துக் காட்டுங்க." நான் தலையாட்டினேன். நீங்கள் விடவில்லை. "தலையாட்டினா ஆச்சா? சொல்லுங்க." "காட்டறேன் மேடம்" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பூவுல பேசிட்டோம்" என்று சொல்லிவிட்டு டெலக்ஸ் அறைக்குப் போனீர்கள்.

ஆடி கழிவதற்குள்ளேயே மார்க் ஏறத் தொடங்கியது. ஆவணி முதல் தேதி நீங்கள் புதுப் படிவத்தோடு உள்ளே போனீர்கள். பழைய விலை இப்போது இல்லை. மார்க்குக்குச் சில பைசாதான் கூடுதல், பார்த்தால் சில்லறை. அதுதான் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆடியில் கிடைத்த விலையைவிட அதிகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆடியால் நஷ்டம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். "ஏறினது எறங்கத்தானே செய்யும். எறங்கட்டும், போட்டுக்கலாம்" என்றார். புரட்டாசியில் போனீர்கள், ஐப்பசியில் போனீர்கள். ஒவ்வொரு முறையும் விலை முன்னைவிட மேலே இருந்தது, ஒவ்வொரு முறையும் கையெழுத்து முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. நாலு ரூபாயில் இருந்த மார்க் இரண்டே வருஷத்தில் ஏழு ரூபாயைத் தாண்டியது.

வருஷக் கணக்கு முடிக்கும்போது மீதிக் கடனை அன்றைய விலையில் மாற்றி எழுதவேண்டும். கூடின தொகையை நஷ்டமாகக் காட்டாமல் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. மேனேஜருக்கு அது பெரிய ஆறுதல். நீங்கள் அந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைக் கூப்பிடுவீர்கள். "சார், கில்ன் மறுபடியும் குண்டாயிடுச்சு." வெளியே அது அதே இரும்பாக, அதே நீளத்தில், ஓரத்தில் துருப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அதன் விலை ஏறிக்கொண்டே போகும்.

ஜெர்மனிக்கு அனுப்புகிற கணக்கை மார்க்கில் எழுதவேண்டும். அதில் கடன் அசையவே அசையாது. நம் ஆலைதான் வருஷத்துக்கு வருஷம் சுருங்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். "அங்கேர்ந்து பாத்தா நாம தேஞ்சுக்கிட்டே போறோம். இங்கேர்ந்து பாத்தா கடன் வீங்கிக்கிட்டே போவுது. ரெண்டும் ஒண்ணுதான் சார்." அன்றைக்கு உங்கள் குரலில் கேலி இல்லை.

ஐந்தாவது தவணை கட்டப் பணம் இல்லை என்றான பிறகுதான் அங்கே விழித்துக்கொண்டார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவரும் பம்பாயிலிருந்து ஓர் ஆடிட்டரும் விசாரணைக்கு வந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: சுற்றறிக்கை இருந்தும் ஏன் முன்விலை பேசவில்லை? மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து தனக்கு எந்தக் குறிப்பும் வரவில்லை. ஃபைலைத் தேடினார்கள். உங்கள் குறிப்பின் நகல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துளை போட்ட ஓரம் மட்டும் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. டெலக்ஸ் தாளெல்லாம் வெளுத்துப் போய்க் குப்பைக்குப் போயிருந்தது.

முதல் நாள் விசாரணை முடிந்து வந்து, நீங்கள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, மிக மெதுவாகச் சொன்னீர்கள். "நாளைக்கு உங்களக் கூப்புடுவாங்க சார். எடுத்துட்டுப் போங்க." உங்கள் முகத்தில் பயமே இல்லை. பூவில் பேசியவரின் நிம்மதி அது என்று இப்போது புரிகிறது.

மறுநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் தம்பியின் வேலை உத்தரவு இருந்தது, நான்கு வருஷ மனுவுக்கு மேலே. என் கண் முன்னால் பச்சைப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "இன்னிக்கி நல்ல நாளு, அதான் போட்டுட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றார். அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கதவுக்குப் போன பிறகு, "உள்ள அவங்க கேட்டா தெரிஞ்சத மட்டும் சொல்லு, தம்பி" என்றார். அவ்வளவுதான். மிரட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

நான் உள்ளே போகும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் இருந்தீர்கள். காகிதம் பூட்டிய இழுப்பறையில். சாவி என் கால்சட்டைப் பையில். அந்தம்மா மேனேஜருக்குக் குறிப்புக் கொடுத்தது உனக்குத் தெரியுமா என்று ஆடிட்டர் ஆங்கிலத்தில் கேட்டார். என் ஆங்கிலம் நொண்டிதான். ஆனால் அந்தப் பதிலுக்கு ஒரு வார்த்தை போதும். "நோ சார்" என்றேன்.

வெளியே வந்ததும் எழுந்து நின்றீர்கள். "காட்டினீங்களா?"

"இழுப்பறையில இல்ல மேடம். தொலைஞ்சு போச்சு போல."

"நல்லாத் தேடினீங்களா?"

"தேடினேன்."

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு, "சரி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டீர்கள். பத்து நாளில் உங்களை நீக்கிய உத்தரவு வந்தது. கடமை தவறியதால் கம்பெனிக்குப் பெருநஷ்டம் என்று அதில் எழுதியிருந்தது. அதைக் காட்டி வேறு எந்தக் கம்பெனியிலும் ஏற முடியாது. உங்கள் மேசைக்கு என்னை மாற்றினார்கள். அடுத்த வருஷம் கில்னின் கூடின விலையை நான்தான் எழுதினேன். குண்டாகிவிட்டது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இவ்வளவும் செய்து என்ன கண்டேன் என்று கேட்பீர்களானால், ஒன்றும் இல்லை. தம்பி இரண்டரை வருஷம் வேலை பார்த்தான். கடன் கழுத்தை நெரித்து ஆலை கைமாறியது. புது முதலாளிகள் ஐந்து வருஷம் ஆகாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், பொங்கலுக்கு வந்தால் உண்டு. மேனேஜர் முழுப் பணப் பலனோடு ஓய்வு பெற்றார். ஜெர்மனிக்காரர்கள் பங்கை விற்றுவிட்டுப் போனார்கள். எங்கள் நான்கு ஏக்கர் இப்போது ஒரு பள்ளம். மழைத் தண்ணீர் அதில் பச்சையாக நிற்கிறது, ஆடுகூட இறங்குவதில்லை.

உங்களை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில். முந்திரி மண்டியில் கணக்கு எழுதுவதாகச் சொன்னீர்கள். கண்ணாடி போட்டிருந்தீர்கள், காதில் பென்சில் அப்படியே. "ஏவாரிங்களுக்குப் பூவுல பேசின கணக்கு எழுதறேன் சார். இங்க யாரும் ஆடி பாக்கறதில்ல" என்று சிரித்தீர்கள். பிறகு, "தம்பி நல்லாருக்காரா? வேலை கிடைச்சுதாமே, கேள்விப்பட்டேன்" என்றீர்கள். நல்லா இருக்கான் என்றேன். அப்போது அவன் திருப்பூரில் இருந்தான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள். அன்றைக்கும் அந்தக் காகிதம் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். அதை வைத்து யாரிடமாவது முறையிட்டிருப்பீர்கள். அல்லது சும்மா பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பீர்கள். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

முந்தாநாள் அதே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உங்கள் படம். அத்தனை வருஷம் சொல்லாத பெயரைச் சுவரில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். குண்டூசி துருவேறி, ஓட்டையைச் சுற்றிக் காவிக் கறை. பச்சை எழுத்து மட்டும் நேற்று எழுதியதுபோல இருந்தது. சவப்பெட்டியில் உங்கள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் நேற்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெரிய யோசனை போலத் தோன்றியது. சொன்ன வாக்கை இப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது.

நான் வந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். மாதா கோயிலிலிருந்து கல்லறை வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். உங்கள் தங்கை என்னிடம் வந்தார். அசப்பில் உங்கள் முகம்தான்.

"நீங்கதான் அந்த அரியலூர் ஆபீஸ் சாரா? அக்கா உங்களப் பத்திச் சொல்லும்."

நான் தலையாட்டினேன்.

"எனக்கு ஆபீஸ்ல ஒரே ஒரு ஆளு சாட்சி இருந்தாருன்னு சொல்லும். பாவம், காயிதத்தத் தொலைச்சுட்டாரு, என்னைய விட அவருதான் அதிகமா வெந்து போயிருப்பாருன்னு சொல்லும். உங்க மேல அதுக்குக் கோவமே இல்ல சார். நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க."

என் கை பைக்குப் போனது. துணிக்கு உள்ளே காகிதம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கிறது, இதோ, என்று சொல்ல அதுவே நேரம். அந்தக் காகிதத்தைப் பற்றி இனி என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றேன். வரிசையில் நின்று, குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது மனைவி கொல்லையில் சட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். காகிதத்தைப் பிரித்து மேசையில் காயவைத்திருக்கிறேன். மடிப்பில் இரண்டாகப் பிய்ந்துவிட்டது. நீங்கள் தட்டச்சு செய்த வரிகள் நிற்கின்றன. ஓரத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. ஒப்பமும் தேதியும் இருந்த இடத்தில் வெறும் பச்சைத் திட்டு. இனி இதை யாரிடம் காட்டினாலும் எதுவும் நிரூபணம் ஆகாது. எறிய மனம் வராமல் வைத்திருக்கிறேன். இவ்வளவு காலம் கழித்து, நான் உங்களிடம் சொன்னது உண்மையாகிவிட்டது மேடம். அந்தக் காகிதம் தொலைந்துவிட்டது.